பெயருக்கு என்ன பங்கு? ஷனேல் நிறுவனம் சொல்லும் பாடம்

கடைக்குப் பெயர் வைக்கும்போது ராசி பார்க்கிறோம், எண் கணிதம் பார்க்கிறோம். அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்று மட்டும் பார்ப்பதில்லை. கூட்டு வியாபாரத்தில் போட்ட முதல், எடுத்த சரக்கு, நின்ற பாக்கி எல்லாம் பேரேட்டில் ஏறும், பெயர் ஏறாது. இதனால் என்ன வரும் என்பதற்குப் பிரான்ஸ் நாட்டின் ஷனேல் நிறுவன வரலாறு நல்ல உதாரணம். உயர்ந்த விலை ஆடைகளுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அது.

சந்தை வியாபாரியின் மகள்

இதைத் தொடங்கிய கப்ரியேல் ஷனேல் அம்மையார் 1883-ல் பிறந்தவர். தந்தை ஊர் ஊராகச் சென்று சந்தையில் துணிமணி விற்றவர். தாய் இறந்தபின் கன்னியாஸ்திரீகள் நடத்திய அநாதை இல்லத்தில் வளர்ந்து தையல் கற்றார். 1910-ல் ஒரு நண்பரின் பண உதவியோடு பாரிசில் கம்போன் தெருவில் தொப்பிக் கடை வைத்தார். அடுத்து ஆடைகள் தைத்தார். எளிமையான தையலால் பணக்காரப் பெண்கள் தேடி வந்தனர்.

1921-ல் எர்னஸ்ட் போ என்ற வாசனை நிபுணரைக் கொண்டு ஒரு சென்ட் தயாரித்தார். நிபுணர் கொடுத்த மாதிரிகளில் 5 என்று எண்ணிட்டதைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு ‘ஷனேல் நம்பர் 5’ என்றே பெயரிட்டார். அதில் சேரும் மல்லிகை, தென் பிரான்சின் கிராஸ் நகர வட்டாரத்தில் விளைவது. முதலில் தம் கடைகளில் மட்டுமே விற்றார். கிராக்கி இருந்தது, பெரிய அளவில் தயாரிக்க ஆலையும் முதலும் இல்லை.

70, 20, 10

பாரிசின் பெரிய கடையான கலரி லஃபாயெத்தின் அதிபர் தியோஃபில் பாதே, இதற்கு ஆள் காட்டினார். அவர் அறிமுகம் செய்த வெர்தைமர் சகோதரர்கள், பூர்ஷுவா என்ற அழகுப் பொருள் கம்பெனியின் உரிமையாளர்கள். 1924-ல் சென்ட் வியாபாரத்துக்கெனத் தனிக் கம்பெனி ஏற்பட்டது. ஆலை, முதல், விற்பனை எல்லாம் வெர்தைமர் பொறுப்பு. அவர்களுக்கு 70 சதவீதம். பாதேக்கு 20. பெயர் கொடுத்த அம்மையாருக்கு 10. அதாவது அறிமுகம் செய்தவருக்குக் கிடைத்ததில் பாதிதான் பெயருக்குச் சொந்தக்காரருக்கு.

முதல் போடாதவருக்கு 10 சதவீதம் நியாயம்தானே என்று அன்று தோன்றியிருக்கலாம். ஆடைக் கடை அவர் கையிலேயே இருந்தது. ஆனால் சென்ட் உலகமெங்கும் விற்றபோது, ஓடுவது தம் பெயர், லாபம் பிறருக்கு என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1930-களில் வழக்குகள் தொடர்ந்தன.

போரில் நடந்தது

1939-ல் யுத்தம் வந்ததும் ஆடைக் கடையை மூடினார். யூதர்களான வெர்தைமர் குடும்பத்தார் 1940-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தனர். யூதர் சொத்தைப் பறிக்க ஜெர்மானியர் ஆட்சியில் வந்த சட்டத்தைக் காட்டி, கம்பெனியைத் தமக்குத் தரும்படி 1941 மே மாதம் அம்மையார் கடிதம் எழுதினார். கூட்டாளியின் உயிருக்கே ஆபத்தான வேளையில் செய்த இந்தக் காரியம் அவர் பெயருக்கு நீங்காத களங்கம். ஆனால் அது பலிக்கவில்லை. வெர்தைமர்கள் முன்னதாகவே ஃபெலிக்ஸ் அமியோ என்ற விமானத் தொழிலதிபர் பெயருக்குக் கம்பெனியை மாற்றியிருந்தனர். போர் முடிந்தபின் அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

சமரசம்

1947-ல் சமரசம் ஏற்பட்டது. லாபத்தில் பங்கு என்பது போய், உலகம் முழுவதும் நடக்கும் சென்ட் விற்பனையில் 2 சதவீதம் அம்மையாருக்கு என முடிவாயிற்று. லாப நஷ்டக் கணக்கை எப்படி எழுதினாலும் விற்பனையில் வரும் பங்கு குறையாது என்பதைக் கவனிக்கவும்.

1954-ல், 70 வயதுக்கு மேல், அவர் மீண்டும் ஆடைத் தொழிலில் இறங்கியபோது பணம் போட்டவர் அதே பியேர் வெர்தைமர். பாரிஸ் பத்திரிகைகள் ஏளனம் செய்தன. அமெரிக்காவில் ஆடைகள் விற்றன. ஆடைகளின் புகழ் சென்ட் விற்பனைக்கு விளம்பரம் என்பது வெர்தைமருக்குத் தெரியும். வழக்காடிய இருவருக்கும் ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வியாபாரம் இல்லை. 1971-ல் அம்மையார் காலமானார். இன்று நிறுவனம் முழுவதும் வெர்தைமர் குடும்பத்துக்குச் சொந்தம்.

நாம் செய்ய வேண்டியது

நம் ஊர்களிலும் அண்ணன் தம்பி பிரியும்போது சரக்கைப் பங்கிட்டு விடுகிறார்கள். பெயர்ப்பலகையில்தான் சண்டை வருகிறது. நம் நாட்டின் 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் வியாபாரத்தின் நற்பெயர் மதிப்பும் கூட்டின் சொத்தே. லாபமும் எல்லாருக்கும் சமம். தாத்தா பெயரில் கடை நடத்துவோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனவே கூட்டு ஒப்பந்தம் எழுதும்போது மூன்று விஷயங்களைச் சேருங்கள். பெயர் யாருடையது? பிரிந்தால் அது யாருக்கு? வியாபாரம் பல மடங்கு பெருகினால் பங்கை மறுபடி பேச வழி உண்டா? உறவு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். மனம் கசந்தபின் எழுத உட்கார்ந்தால் வக்கீல் வீட்டில்தான் உட்கார வேண்டியிருக்கும்.