கிறிஸ்துமஸ் பலகாரமும் பனையின் பயனும்

கிறிஸ்து பிறப்புத் திருநாளின் இனிப்புப் பண்டங்கள் என்றவுடன், பட்டணத்துக் கடைகளில் வண்ணக் காகிதம் சுற்றி அடுக்கி வைக்கப்படும் கேக்கு வகைகளே பலருடைய நினைவிற்கு வருகின்றன. ஆயினும் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய தென்கோடி ஜில்லாக்களின் குடியானவர் வீடுகளில் டிசம்பர் மாதம் எழும் மணம் வேறு. வறுபடும் பாசிப்பயறு, கொதிக்கும் கருப்பட்டிப் பாகு, காய்ந்த தேங்காயெண்ணெய் ஆகிய மூன்றும் கலந்து தெருவரை வீசும் அம்மணத்தைக் கொண்டே, திருநாள் நெருங்கிவிட்டதை ஊரார் அறிந்துகொள்வர்.

இப்பலகாரங்களுக்கு வேண்டிய சரக்குகளில் பெரும்பாலானவை கிராமத்திலேயே விளைபவை. அரிசி, பயறு, எள், தேங்காய், முட்டை இவை யாவும் குடியானவனுடைய நிலத்திலும் கொல்லையிலும் உண்டாகின்றன. கருப்பட்டி மட்டும் முன்பு வீட்டுச் சரக்காக இருந்து, இப்போது பலருக்குக் கடைச் சரக்காகிவிட்டது. இம்மாறுதலால் பண்டத்தின் ருசி குன்றுவது ஒரு நஷ்டம். வரப்பில் நிற்கும் பனைக்கு மதிப்பில்லாமற் போவது அதனினும் பெரிய நஷ்டம். ஆகையால், பலகாரம் செய்யும் முறையோடு, அதற்கு ஆதாரமான பனையைப் பற்றியும் சேர்த்து ஆராய்வது பயனுடையது.

பலகாரமும் நிலமும்

முத்துக்குளித்துறைக் கரையோர ஊர்களில் 1530-களிலும், உள்நாட்டுப் பனங்காட்டு ஊர்களில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளிலும் கிறிஸ்து சமயம் பரவியது. சமயம் புதிதாயினும், திருநாளுக்கென்று அக்குடிகள் செய்த பண்டங்கள் பெரும்பாலும் அந்நிலத்திற்குப் பழகியவையே. முந்திரிக்கொத்தும் அதிரசமும் தீபாவளியின்போது அயல்வீட்டு அடுப்பிலும் வேகின்றன. அச்சுமுறுக்கு, கலகலா போன்ற சில மட்டும் ஐரோப்பியர் பழக்கத்தால் வந்தவை என்பர். அவையும் நாளடைவில் அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் ஏற்று ஊர்ப் பண்டங்களாகிவிட்டன. இன்றும் இவ்வூர்களில் தீபாவளிக்கு ஒரு வீட்டிலிருந்து வந்த தட்டு, கிறிஸ்துமஸுக்கு நிறைந்த தட்டாகத் திரும்பிச் செல்வது வழக்கம்.

கருப்பட்டி உண்டாகும் விதம்

பனையில் பதநீர் இறங்கும் பருவம் ஏறத்தாழ மாசி மாதத்தில் தொடங்கி ஆடி வரையில் செல்லும். அலகுப்பனை எனப்படும் ஆண் மரத்திலும், பருவப்பனை எனப்படும் பெண் மரத்திலும் பாளையை நசுக்கிப் பக்குவப்படுத்திச் சீவிக் கலயம் கட்டுவர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது அவசியம். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும்; மிகுந்தால் கருப்பட்டியின் நிறமும் ருசியும் கெடும். இந்த அளவை அறிந்து பூசுவதே தொழிலாளியின் கைத்திறன்.

இறக்கிய பதநீரைத் தெளியவைத்து வடித்து, விடிலி எனப்படும் ஓலைக் குடிசையில் பெண்கள் காய்ச்சுவர். பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு முத்தை இடித்து ஒரு சிட்டிகை இடுவர். பாகு பதமானதும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டியாகும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். நாள்தோறும் மரமேறும் உழைப்பும், அடுப்பெரிக்கும் விறகும் இதனுள் அடங்கியிருப்பதால், உண்மையான கருப்பட்டி மலிந்த விலைக்குக் கிடைக்க நியாயமில்லை என்பதை வாங்குவோர் உணரவேண்டும்.

நல்ல சரக்கைத் தெரிந்தெடுத்தல்

இந்நாளில் சீனியைக் கரைத்துச் சேர்த்துக் காய்ச்சிய கருப்பட்டி சந்தைகளில் தாராளமாக விற்கப்படுகிறது. வெறும் சீனிப்பாகுக்கு நிறமேற்றிச் சிரட்டையில் வார்ப்பவர்களும் உண்டு. பதநீரிலிருந்து மட்டும் செய்த கருப்பட்டியை உடைத்தால், உட்புறம் ஒரே சீராகவும் மங்கலாகவும் இருக்கும். வாயிலிட்டால் இனிப்போடு இலேசான கரிப்பும் பனைக்குரிய மணமும் தோன்றும். சீனி மிகுந்த சரக்கில் உடைத்த முகம் கற்கண்டுத் துகள்போல் மின்னும். இனிப்பு மட்டும் நாவில் நிற்கும், மணம் இராது. இவை வீட்டில் பார்க்கக்கூடிய அடையாளங்களேயன்றி முடிந்த முடிவல்ல. சந்தேகம் தீர வேண்டுமானால் உணவுப் பரிசோதனைச் சாலையே வழி. தெரிந்த தொழிலாளியிடம் பருவ காலத்திலேயே நேரில் வாங்குவது எல்லாவற்றிலும் நலம்.

தூத்துக்குடி ஜில்லாவைச் சேர்ந்த உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. செம்மணல் தேரிகள் சூழ்ந்த அப்பகுதியின் சரக்குக்கு நெடுங்காலமாக இருந்துவரும் நற்பெயருக்கு இதனால் சட்டத்தின் காவலும் கிடைத்திருக்கிறது.

மழைக்காலத்தில் காத்துவைத்தல்

கருப்பட்டி கிடைப்பது கோடையில். திருநாள் வருவதோ மார்கழியில். இடையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை உண்டு. கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் ஏறினால் கசிந்து இளகிப் புளிப்புத் தட்டும், பூசணமும் பிடிக்கும். முன்னோர் பனையோலைக் கொட்டான்களில் அடுக்கி அடுப்புக்கு மேலேயுள்ள பரணில் வைத்தனர். அன்றாடம் படும் வெப்பமும் புகையும் சரக்கை உலர்ந்த நிலையில் வைத்திருந்தன.

எரிவாயு அடுப்பு வந்துவிட்ட வீடுகளில் இம்முறை கைகூடாது. அவ்வீடுகளில், ஆனி, ஆடி வெயிலில் கருப்பட்டியை நிழற்பாங்கான காற்றோட்டமுள்ள இடத்தில் நன்றாக உலர்த்தி, ஒவ்வொன்றையும் உலர்ந்த காகிதத்தில் சுற்றி, மூடி இறுகிய தகர டின்னிலோ ஜாடியிலோ அடைக்கலாம். டின்னைத் தரையில் வையாமல் பலகைமேல் வைக்கவேண்டும். மழை நாளில் திறக்கலாகாது. வெயில் கண்ட நாளில் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். இவ்வாறு வைத்தால், விலை ஏறும் டிசம்பர் மாதத்தில் கடையை எதிர்பார்க்க வேண்டுவதில்லை.

பாசிப்பயற்றுக்கும் இத்தகைய கவனம் வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தையில் எடுத்த பயறே அவ்வருடக் கடைசியில் பலகாரத்திற்கு உதவுவது. அதற்குள் வண்டு துளைத்துவிடாதபடி நன்கு காயவைத்துக் காற்றுப் புகாத டின்னில் அடைத்துவைக்க வேண்டும்.

முந்திரிக்கொத்து

பெயரில் முந்திரி இருப்பினும் இதில் முந்திரிப் பருப்புச் சேர்வதில்லை. உருண்டைகள் கொடிமுந்திரிக் குலைபோல் மும்மூன்றாக ஒட்டி நிற்பதால் இப்பெயர் வந்தது என்பர்.

பாசிப்பயறு 1 கிலோ, கருப்பட்டி 3/4 கிலோ, பெரிய தேங்காய் 1, எள் 50 கிராம், ஏலக்காயும் சுக்கும் சிறிதளவு, மேல்மாவுக்குப் பச்சரிசி 1/2 கிலோ, பொரிக்கத் தேங்காயெண்ணெய் ஆகியவை வேண்டும். பயற்றை இளந்தீயில் சிவக்க வறுத்து, உடைத்துத் தோலைப் புடைத்து நீக்கி, ரவைபோல் அரைத்துக் கொள்ளவேண்டும். மாவு மிக நைசாகிவிட்டால் உருண்டை கெட்டிப்படும். தேங்காயைத் துருவி ஈரம் முழுவதும் வற்றிப் பொன்னிறம் ஆகும்வரை வறுக்கவேண்டும். ஈரம் தங்கிய தேங்காயே பண்டம் விரைவில் சிக்கடிப்பதற்கு முதற் காரணம். எள்ளையும் வெடிக்க வறுத்துச் சேர்க்கவேண்டும்.

கருப்பட்டியைச் சிறிதளவு நீரில் கரைத்து, மணலும் தூசும் போக வடிகட்டி, மறுபடியும் அடுப்பேற்றிக் கம்பிப் பதம் வரக் காய்ச்சி, மாவுக் கலவையின் மேல் ஊற்றிக் கிளறவேண்டும். கை பொறுக்கும் சூட்டிலேயே நெல்லிக்காயளவு உருண்டைகளாக இறுகப் பிடித்து, ஓர் இரவு உலரவிடவேண்டும். மறுநாள், ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் உப்பும் சிறிது மஞ்சள்தூளும் கலந்து, தோசை மாவினும் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, மும்மூன்று உருண்டைகளாகத் தோய்த்துப் பொரித்தெடுக்கவேண்டும். எண்ணெய் நன்றாகக் காயாவிடில் மேல்மாவு உரிந்து, பாகு எண்ணெயில் கலந்து கருகிவிடும். ஆறிய பின்பே டின்னில் அடைக்கவேண்டும். பக்குவமாகச் செய்த முந்திரிக்கொத்து பத்து நாளுக்குக் குறையாமல் கெடாதிருக்கும்.

அதிரசமும் அச்சுமுறுக்கும்

அதிரசத்திற்குப் பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் பிடிபடும் ஈரத்தோடு இடித்துச் சலிக்கவேண்டும். முற்றும் காய்ந்த அரிசி உதவாது. 1 கிலோ அரிசிக்கு 3/4 கிலோ கருப்பட்டி சரியான அளவு. பாகைச் சிறிது தண்ணீரில் விட்டால் கரையாமல் விரலால் திரட்டக்கூடிய பதத்தில் இறக்கி, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறவேண்டும். ஏலக்காய், சுக்குப்பொடி சேர்த்து ஒருநாளாவது மூடிவைத்தபின் தட்டிப் பொரிக்கலாம். எண்ணெயிலிட்டதும் அதிரசம் கரைந்து பிரியுமானால் பாகின் பதம் இளசு என்று அறிந்து, மாவில் சிறிது அரிசிமாவு கூட்டவேண்டும்.

அச்சுமுறுக்குக்கு அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, கறுப்பு எள் ஆகியவற்றைத் தோசை மாவு பதத்தில் கரைப்பர். இரும்பு அச்சை முதலில் காயும் எண்ணெயில் வைத்துச் சூடேற்றி, மாவில் முக்கால் பாகம் மட்டும் தோய்க்கவேண்டும். முழுதும் அமிழ்ந்தால் மாவு அச்சின்மேல் மூடிக்கொள்ளும்; முறுக்கு கழன்று விழாது. புதிய அச்சை எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்துப் பழக்கிய பின்னரே பயன்படுத்தவேண்டும்.

ஒரு மரத்தின் கணக்கு

ஒரு குடும்பம் தன் தேவைக்கும் அயலாருக்குக் கொடுப்பதற்குமாக 2 கிலோ பயற்றில் முந்திரிக்கொத்தும், 2 கிலோ அரிசியில் அதிரசமும் செய்வதாக வைத்துக்கொண்டால், 3 கிலோ கருப்பட்டி செலவாகும். சேதாரத்திற்கும் திருநாட் காப்பிக்கும் ஒரு கிலோ கூட்டினால் 4 கிலோ. கிலோவுக்கு 10 லிட்டர் என்ற கணக்கில் இதற்கு 40 லிட்டர் பதநீர் வேண்டும். நாளொன்றுக்கு 2 லிட்டர் தரும் மரமாயின், ஒரே மரத்தில் 20 நாள் இறக்கினால் போதும். எஞ்சிய பருவம் முழுவதும் அம்மரம் தருவது, ஏறுபவனுக்குக் கூலியாகவும் உடையவனுக்கு வருவாயாகவும் ஆகும்.

இத்தகைய மரத்தைச் செங்கற் சூளை விறகுக்காக ஒருமுறை கிடைக்கும் விலைக்கு விற்றுவிடுவது சிக்கனமாகாது. விதையூன்றிய பனை பாளை விடுவதற்கு ஏறக்குறைய 15 ஆண்டுகள் செல்லும். தந்தை வெட்டிய மரத்தின் இடத்தில் மகன் நட்டாலும், பயனை நுகர்பவன் பெரும்பாலும் பேரனே.

செய்யத்தக்கவை

பனை 1978-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டின் மாநில மரமாக விளங்குகிறது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சமர்ப்பிக்கப்பட்ட வேளாண்மை வரவு-செலவுத் திட்டத்தில், 76 லட்சம் பனை விதைகளை வழங்க ஏற்பாடு கூறப்பட்டதுடன், பனையை வெட்ட ஜில்லாக் கலெக்டரின் அனுமதி கட்டாயம் என்றும் அறிவிக்கப்பட்டது. இவ்விஷயம் எல்லா நிலவுடைமையாளருக்கும் தெரிந்திருப்பதாகக் கூறமுடியாது. கிராம நிர்வாக அலுவலர்கள் ஊர்க்கூட்டங்களில் இதனை எடுத்துரைப்பதும், புறம்போக்கிலும் ஏரி, குளக் கரைகளிலும் நிற்கும் மரங்களைக் கண்காணிப்பதும் பெரிதும் உதவியாகும்.

மரம் நின்றாலும் ஏறுவார் இல்லாவிடில் பதநீர் இல்லை. தளைநார் கட்டி உயிரைப் பணயம் வைத்து ஏறும் இத்தொழிலுக்கு இளைஞர் வருவது குறைந்துகொண்டே போகிறது. ஆகையால் மரமுடையோர், பருவத் தொடக்கத்திலேயே தொழிலாளியுடன் நியாயமான குத்தகையோ வாரமோ பேசி முடித்து, காய்ச்சுவதற்கு வேண்டிய விறகுக்கும் வழிசெய்து கொடுத்தல் வேண்டும். தம் வீட்டுக்கு வேண்டிய கருப்பட்டியை அவரிடமே, கலப்பற்ற சரக்கு என்ற உறுதியின்மேல், கேட்கும் விலைக்கு வாங்கிக்கொள்வது இருவருக்கும் நன்மை. சீனி கலந்த சரக்கின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுவோரே, நல்ல சரக்கைச் சந்தையைவிட்டு ஓட்டுகிறவர்களாவர்.

புரட்டாசி மாதத்தில் பனம்பழங்கள் கனிந்து தாமாகவே விழும். அக்கொட்டைகளைப் பொறுக்கி, வரப்போரத்தில் ஒரு முழம் ஆழக் குழியில், ஆளுக்குப் பத்து என்ற கணக்கில் புதைத்தால் மழையே அவற்றை வளர்க்கும். தண்ணீரும் எருவும் கேட்காத பயிர் இதனினும் வேறில்லை. திருநாளுக்கு மூன்று மாதம் முன்பாக நிகழும் இவ்வேலையையும் கிறிஸ்துமஸ் பலகாரத்தின் முதற் பக்குவமாகவே கொள்ளலாம். பேரப்பிள்ளைகளின் தட்டில் விழும் முந்திரிக்கொத்துக்கு வேண்டிய இனிப்பு அவ்வரப்பிலேயே தொடங்குகிறது.