உயிரை அழிக்கும் புற ஊதாக் கதிர், உயிரின் மூலப்பொருளை உருவாக்கியதா?

தோல் புற்றுநோய்க்கும் கண்புரைக்கும் காரணங்களுள் ஒன்றாக அறியப்படுவது புற ஊதாக் கதிர். ஆனால், உயிர்கள் தோன்றுவதற்கு முந்தைய பூமியில், உயிரின் மூலப்பொருள்கள் உருவாவதற்கான ஆற்றலை வழங்கியதும் இதே கதிராக இருக்கலாம் என விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

ஓசோன் இல்லாத வானம்

பூமி உருவாகி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் தொடக்க காலத்தில் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் மிகச் சொற்ப அளவிலேயே இருந்தது. ஆக்சிஜனிலிருந்து உருவாகும் ஓசோன் படலமும் அப்போது இல்லை. இதனால், இன்று தடுக்கப்படும் 200 முதல் 290 நானோமீட்டர் வரையிலான கதிர்கள் நிலத்தையும் கடலையும் நேரடியாக எட்டின. மின்னலைக் காட்டிலும் இவை அளித்த ஆற்றல் பல மடங்கு அதிகம்.

வினை நிகழ்வது எப்படி?

ஒரு வாயு மூலக்கூறு கதிரை உட்கொள்ளும்போது அதன் பிணைப்பு உடைகிறது. உடைந்த துண்டுகள் பிற மூலக்கூறுகளுடன் இணைந்து புதிய சேர்மங்களாகின்றன. ஆனால், மீத்தேன் மிகக் குறுகிய அலைநீளக் கதிர்களை மட்டுமே உட்கொள்ளும். சூரிய ஒளியில் அவற்றின் பங்கு மிகக் குறைவு.

இந்தச் சிக்கலுக்கு 1971-ஆம் ஆண்டு ஒரு வழி காட்டப்பட்டது. வாரணாசியில் பிறந்த பிஷுன் கரே, வானியலாளர் கார்ல் சேகனுடன் இணைந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்தினார். மீத்தேன், அம்மோனியா, நீராவி ஆகியவற்றுடன் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்க்கப்பட்டது. எரிமலைகள் வெளியிடும் இவ்வாயு, நீண்ட அலைநீளப் புற ஊதாக் கதிரையும் உட்கொண்டு உடையக்கூடியது. அதிலிருந்து அதிவேகத்தில் வெளியேறிய ஹைட்ரஜன் அணுக்கள் மற்ற வாயுக்களை வினைபுரியச் செய்தன. முடிவில் கிளைசின், அலனின் உள்ளிட்ட அமினோ அமிலங்கள் கிடைத்தன. புரதங்களின் அடிப்படை அலகுகள் இவையே.

தொடரும் விவாதம்

ஆதி வளிமண்டலத்தில் மீத்தேனும் அம்மோனியாவும் மிகுதியாக இருந்தன என்ற கருத்தை இன்று பலர் ஏற்பதில்லை. நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடுமே மிகுந்திருந்தன என்பது அவர்களின் வாதம். அத்தகைய சூழலில் கரிமச் சேர்மங்கள் குறைவாகவே உருவாகும்.

உருவாகும் மூலக்கூறுகளைக் கதிரே சிதைத்துவிடாதா என்ற கேள்வியும் உண்டு. 2009-ஆம் ஆண்டு பிரிட்டனில் ஜான் சதர்லேண்ட் குழுவினர் ஆர்.என்.ஏ.வின் 4 கட்டுமான அலகுகளில் இரண்டை உருவாக்கினர். அந்த ஆய்வில், புற ஊதாக் கதிர் தேவையற்ற துணைச் சேர்மங்களை அழித்தது. தேவையான அலகுகள் பெரும்பாலும் தப்பின. கதிரின் அழிக்கும் ஆற்றலே, நிலைத்து நிற்கக்கூடிய மூலக்கூறுகளைத் தேர்ந்தெடுக்கும் சல்லடையாகவும் செயல்பட்டிருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது.