நூல் தெரிந்தாலும் அனுமார் பறக்கிறார்

காட்ஸில்லா, ரோடன், மோத்ரா என்று ஜப்பானின் பழைய ராட்சத மிருகப் படங்களை ரசிப்பவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லும்போதே கொஞ்சம் கூச்சப்படுகிறார்கள். படம் மட்டம்தான், அதனால்தான் ஜாலி என்பார்கள். ரப்பர் உடைக்குள் ஆள் நடப்பது தெரிகிறது, நொறுங்குவது பொம்மைக் கட்டடம் என்பதும் தெரிகிறது. ஏமாற்ற வந்தவன் கையும் களவுமாகப் பிடிபட்டான், அதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்பது என் கட்சி. பிடிபட்டவனைப் பார்த்து வரும் சிரிப்பு பத்து நிமிஷத்தில் தீர்ந்துபோகும். எழுபது வருஷம் தாங்காது. இந்தப் படங்களைத் தாங்கி நிற்பது எது என்று பார்க்க டோக்கியோவுக்குப் போகுமுன் மும்பையின் செம்பூருக்குப் போய்விட்டு வரலாம்.

செம்பூர் என்றால் சினிமாக்காரர்களுக்கு ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோதான். ஏறக்குறைய அதே காலத்தில், 1947-ல், ஹோமி வாடியாவின் பசந்த் ஸ்டூடியோவும் அங்கே எழுந்தது. 'ஹன்டர்வாலி'யில் (1935) சண்டை நடிகை நாடியாவின் கையில் சாட்டையைக் கொடுத்த வாடியா சகோதரர்களில் இளையவர் இவர். 'அலாவுதீன் ஔர் ஜாதுயி சிராக்' (1952), 'ஹாதிம் தாய்' (1956), 'சம்பூர்ண ராமாயணா' (1961) எல்லாம் பசந்த் தயாரிப்புகள். இவற்றின் மாயங்களுக்கெல்லாம் பின்னால் இருந்தவர் சூரத்தில் பிறந்த பாபுபாய் மிஸ்திரி. 1937-ல் விஜய் பட் எடுத்த 'க்வாப் கீ துனியா'வில், கண்ணுக்குத் தெரியாத மனிதன் பொருள்களை நகர்த்துவதுபோலக் காட்ட வேண்டியிருந்தது. இருபது வயது நிரம்பாத மிஸ்திரி கறுப்புப் பின்னணிக்கு முன்னால் கறுப்பு நூலில் பொருள்களைக் கட்டி ஆட்டினார். 'காலா தாகா', அதாவது கறுப்பு நூல் என்பதே அவருக்குப் பட்டப்பெயராக நிலைத்தது. பிறகு ஒரே ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி இரண்டு மூன்று முறை பதிவு செய்வது, கண்ணாடியில் கோட்டையை வரைந்து அதன் வழியே படமெடுப்பது, சின்ன மாதிரிகளை எரிப்பது என்று அந்தக் காலத்துத் தந்திரக் காட்சிகளின் பாஷை முழுவதையும் அவர் கையாண்டார். 'சம்பூர்ண ராமாயணா'வை இயக்கியவரும் அவரே.

இதே வருஷங்களில் டோக்கியோவில் தந்திரக் காட்சிக் கலைஞர் எய்ஜி சுபுராயா என்ன செய்துகொண்டிருந்தார்? 1933-ல் வந்த 'கிங் காங்' பார்த்துக் கிறங்கியவர் அவர். அதில் பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி ஒவ்வொரு சட்டகமாக எடுத்திருந்தார்கள். 1954-ல் தோஹோ நிறுவனம் 'காட்ஸில்லா'வை அவரிடம் கொடுத்தபோது அப்படி எடுக்க நேரமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே சுமார் நூறு கிலோ உடைக்குள் நடிகர் ஹருவோ நகாஜிமாவை இறக்கினார். ஒரு தடவைக்குச் சில நிமிஷங்களுக்கு மேல் அதற்குள் இருக்க முடியாது. நடை பழக நகாஜிமா உயேனோ மிருகக்காட்சிசாலைக்குப் போய் யானையையும் கரடியையும் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவை வேகமாக ஓடவிட்டு எடுத்ததால், திரையில் அவர் அடி மெதுவாக, கனமாக விழுந்தது. ஆனால் தண்ணீருக்கும் தீக்கும் சின்ன அளவு கிடையாது. கப்பலைப் பொம்மையாக்கலாம், அதன் மேல் தெறிக்கும் துளியைச் சின்னதாக்க முடியாது. அந்த இடத்தில்தான் குட்டு வெளிப்படும், செம்பூரிலும் சரி, டோக்கியோவிலும் சரி. ஆனாலும் அந்தப் பொம்மைக் கப்பல் நிஜமாகவே நனைந்தது, நிஜமாகவே எரிந்தது. கேமராவுக்கு முன்னால் ஒரு பொருள் இருந்தது. அதன் எடையும் அதன் மேல் விழுந்த வெளிச்சமும் பொய்யல்ல. நம் கண் பிடித்துக்கொள்வது அதைத்தான். தெரிகிற நூல் அங்கே ஒரு கை வேலை செய்தது என்பதற்குச் சாட்சி; அந்தக் கையோடு சேர்ந்து மீதிக் கற்பனையை நாம் நிரப்புகிறோம்.

அந்தக் கலைஞர்கள் நூலை மறைக்கத்தானே பாடுபட்டார்கள், தெரிந்துபோனதை ரசிப்பது அவர்கள் தோல்வியை ரசிப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மிகையானதை மிகைக்காகவே ரசிக்கும் 'கேம்ப்' ரசனை பற்றி 1964-ல் எழுதிய சூசன் சான்டாக்கே, சிரிப்பூட்டத் திட்டமிட்டுச் செய்ததைவிட முழு முனைப்போடு செய்து மிகையாகிப்போனதுதான் உசத்தி என்றார். ஆனால் தோல்விதான் கவர்ச்சி என்றால், 2023-ல் வந்த 'ஆதிபுருஷ்' இந்நேரம் நம் செல்லப்பிள்ளையாகியிருக்க வேண்டும். அதே ராமாயணம், கோடிகளைக் கொட்டிய கணினி வரைகலை, ஊரே சிரித்த சிரிப்பு. சிரித்தோம், மறந்தோம். அந்தக் கணினிக்குப் பின்னாலும் நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே தவறு நேரும்போது உழைப்பு தெரிவதில்லை, தவறு மட்டும்தான் தெரிகிறது. மாறாக சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த 'காடு' (1952) படத்தைப் பாருங்கள். யானைகளுக்கு ரோமப் போர்வை மாட்டி, அழிந்துபோன மாமத் என்று ஓடவிட்டார்கள். (யானைகள் என்ன நினைத்தனவோ!) தோல்வி என்று பார்த்தால் படுதோல்வி. ஆனாலும் புழுதி கிளப்பிக்கொண்டு வருவது ஒரு நிஜ உயிர்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் பக்தியின் பக்கமிருந்து வரும். காட்ஸில்லா வேடிக்கை, 'சம்பூர்ண ராமாயணா'வில் பறக்கும் அனுமார் வேடிக்கையா? அந்தக் கால ரசிகர்கள் புராணப் படத்தைத் தரிசனமாகப் பார்த்தார்கள், தந்திரத்தையா ரசித்தார்கள் என்று கேட்பார்கள். தந்திரம் தெரிவதும் தரிசனமும் ஒன்றையொன்று விலக்கும் என்ற அனுமானம் இதில் ஒளிந்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூர் பாகவத மேளா நாடகத்தைக் கண்டவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். நரசிம்மரின் முகமூடி மரத்தில் செய்தது என்பது சபையில் உள்ள குழந்தைக்கும் தெரியும். அதே முகமூடிக்குப் பூஜை நடக்கிறது, அணிபவர் விரதம் இருக்கிறார், இரணியன் மேல் பாயும்போது அவரை ஆட்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். 'மாயா பஜார்' (1957) விருந்தில் லட்டு தானாக எழுந்து ரங்காராவின் வாய்க்குள் போகும்போது, மார்கஸ் பார்ட்லி கேமராவில் ஏதோ வித்தை செய்திருக்கிறார் என்று தெரிந்தேதான் நம் ஊர் கைதட்டியது. தெரிந்தே நம்புவது நமக்குப் பழக்கம். நூல் தெரிந்தாலும் அனுமார் பறந்தார்.

முதல் 'காட்ஸில்லா' விளையாட்டல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிர்வீச்சுச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படகின் ரேடியோ ஆபரேட்டர் செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3-ல் படம் வெளிவந்தது. இஷிரோ ஹோண்டாவின் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆஸ்பத்திரிக் காட்சியைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. அறுபதுகளில்தான் காட்ஸில்லா குதித்து ஆடவும், மகனை வளர்க்கவும், உலகத்தைக் காப்பாற்றவும் ஆரம்பித்தது. ஒரே ரப்பர் உடை துக்கத்தையும் கோமாளித்தனத்தையும் சுமந்தது என்றால், அந்த உடையை வெறும் குறைபாடாக எண்ண முடியாது. எல்லாம் பழசின் மேல் உள்ள மோகம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'னின் காட்சி வித்தைகளைச் சுமார் 35 பேர் கொண்ட குழு கணினியில்தான் செய்தது, 2024-ல் ஆஸ்கரும் வாங்கியது. கணினி என் எதிரியல்ல. எடை தெரியாத பிம்பம்தான் எதிரி.

பம்பாய்க்கென்றே ஒரு காட்ஸில்லா உண்டு. 1966-ல் பல்வந்த் தவே 'கோகோலா' என்று ஒரு படம் எடுத்தார். ஆசாத், தபஸ்ஸும் நடித்தது. தலத் மஹ்மூதும் முபாரக் பேகமும் பாடிய பாட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது, படம் கிடைப்பதில்லை. ஜப்பானில் சுபுராயாவின் படங்களைத் துலக்கி மறுபடி திரையிடுகிறார்கள், அவர் பெயரில் நிறுவனம் நடக்கிறது. இங்கே மட்டமான படம் என்ற முத்திரைதான் முதலில் விழுகிறது, அப்புறம் பிரதி தொலைகிறது. ஆர்.கே. ஸ்டூடியோவே 2017-ல் தீப்பிடித்தது, 2019-ல் கட்டுமான நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ராஜ் கபூருக்கே இந்த கதி என்றால் காலா தாகாவுக்கு யார் இருக்கிறார்கள்? புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் உயர்ந்த படங்களுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை பசந்த் படங்களுக்கும் ஒதுக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ சுவரொட்டியோ கிடந்தால், எடைக்குப் போடும் முன் இவர்களில் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள்.