கைதவறி விழுந்த காமிரா

"கைதவறி விழுந்துடுச்சு!" இந்த வார்த்தை காதில் விழாத வீடு உண்டா? எவர்சில்வர் டம்ளர் என்றால் ஒரு நசுங்கலோடு போச்சு. பீங்கான் கோப்பை என்றால் பெருக்கிக் கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் வருத்தப்படுவோம். ஆனால் விழுந்தது இரவல் பொருளாக, அதுவும் இன்னொருவருக்குச் சோறு போடும் பொருளாக இருந்துவிட்டால்? அந்த அவஸ்தையை நான் அனுபவித்தேன். சொன்னால் உங்களில் ஒருவருக்காவது பயன்படுமே என்றுதான் எழுதுகிறேன்.

என் அக்கா மகன் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவன். பிள்ளைகள் இரண்டும் படிப்பு, வேலை என்று வெளியூர் போன பிறகு, வெறிச்சென்று உட்கார்ந்திருந்த எனக்குக் காமிரா பிடிக்கக் கற்றுக் கொடுத்தவனும் அவன்தான். 2024 தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போவதாகச் சொன்னேன்.

"பறவையெல்லாம் தூரத்துல இருக்கும் சித்தி, சின்ன லென்ஸ் பத்தாது. இதை எடுத்துட்டுப் போங்க. புதன்கிழமை எனக்கு ஒரு முகூர்த்தம் இருக்கு. திங்கட்கிழமை கொடுத்துடுங்க. கழுத்திலேர்ந்து வாரை மட்டும் கழட்டாதீங்க" என்று, தன் 70-200 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸை மாட்டியே கொடுத்தான். லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. விலை லட்சத்துக்கு மேல்!

வேடந்தாங்கலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டி, ஒரே சந்தடி. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று தெரிந்து, அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காப்பாற்றி வருகிறார்கள். எங்கிருந்தோ வரும் விருந்தாளிகளை அவர்கள் அப்படிக் காக்கிறார்கள். எனக்கு ஒரு நாள் இரவல் வாங்கிய பொருளைக் காக்கத் தெரியவில்லை!

வார் தாலிச் சரடோடு சிக்கிக் கொண்டு இழுத்தது. கழுத்தும் வியர்வையில் எரிந்தது. வாரைக் கழற்றி, காமிராவைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தேன். "காபி ஆறிடப் போகுது" என்று என் கணவர் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றி நீட்டினார். வாங்கத் திரும்பினேன். தொங்கிக் கொண்டிருந்த வார் என் கைப்பையின் கொக்கியில் மாட்டி இழுக்க... 'டக்'கென்று ஒரு சத்தம். என் அடிவயிறு கலங்கிப் போயிற்று.

காமிரா தரையில் குப்புறக் கிடந்தது. லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருந்த பில்டர் கண்ணாடி நொறுங்கியிருந்தது. பதறிப் போய் ஆட்டிப் பார்த்தேன். ஒட்டியிருந்த தூளை முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். பில்டர் வளையம் நல்லவேளையாகக் கழன்று வந்தது. ஒரு படம் எடுத்தேன். காமிராவின் முதுகில் இருக்கும் சின்னத் திரையில் பளிச்சென்றுதான் தெரிந்தது. அப்பாடா!

"பில்டர்தானே போச்சு? போற வழியில செங்கல்பட்டுல புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிடலாம். அவனுக்கு எங்கே தெரியப் போகுது?" என்றார் என் கணவர். அப்படியே செய்தோம். மறைக்க வேண்டும் என்று நினைத்தது அவர் மட்டும் இல்லை, நானும்தான். பையை மூடி அலமாரியில் வைத்தேன்.

ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. எங்கள் கல்யாணம் 2000-ல் நடந்தது. பிலிம் ரோல் காலம். மாப்பிள்ளை அழைப்பு, பந்தி, சீர் வரிசை எல்லாம் ஆல்பத்தில் அழகாக இருக்கும். தாலி கட்டும் படங்கள் மட்டும் கலங்கிப் போய்விட்டன. போட்டோக்காரர் ஏதோ சமாதானம் சொன்னார். என் அம்மா கண் கலங்கினாள். அந்த ஆல்பத்தில் அந்தப் பக்கம் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது. புதன்கிழமை மணையில் உட்காரப் போகும், முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கும் என்னால் அப்படி ஆகிவிட்டால்?

பத்தரை மணிக்கு எழுந்து போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"சித்தி, துடைச்சீங்களா?"

"ஆமாண்டா, முந்தானையால..."

"சரி. இனிமே தொடாதீங்க. காலையில வர்றேன்."

விடிந்தும் விடியாததுமாக வந்தான். ஒரு செய்தித்தாளைப் பிரித்துச் சுவரில் ஒட்டினான். நேர் எதிரே ஸ்டாண்டில் காமிராவை வைத்துப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினான். இடப் பக்கத்து எழுத்து ஒவ்வொன்றும் படிக்க முடிந்தது. வலப் பக்கம் முழுக்க மசமசவென்று இருந்தது!

"உள்ளே இருபதுக்கு மேல கண்ணாடி இருக்கு சித்தி. ஒண்ணு மயிரிழை நகர்ந்தாலும் இப்படித்தான். சின்னத் திரையில இது தெரியாது."

முன் கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினான். மெல்லிய கோடுகள்! அது விழுந்ததால் வந்த கீறல் இல்லை. கண்ணாடித் தூளோடு சேர்த்து நான் அழுத்தித் துடைத்ததால் வந்தது.

அன்றைக்கே சென்னைக்குப் போய், அதே மாதிரி லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தான். முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. ரிப்பேர் செலவு பதினான்காயிரத்துச் சொச்சம். அதில் பாதிக்கு மேல் முன் கண்ணாடி மாற்றியதற்குத்தான். அவன் வேண்டாம் என்றும் கேட்காமல், என் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தேன்.

அவன் எனக்குச் சொல்லித் தந்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். காமிரா விழுந்தால் உடனே சுவிட்சை அணைத்து, பாட்டரியை எடுத்துவிடுங்கள். ஆட்டிப் பார்க்காதீர்கள். கண்ணாடி உடைந்திருந்தால் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தூளை உதிரவிட்டு, ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள். துணியும் வேண்டாம், முந்தானையும் வேண்டாம். பில்டர் வளையம் நெளிந்து இறுகிப் போயிருந்தால் பலங்கொண்டு திருகாமல் கடைக்காரரிடம் விடுங்கள். தண்ணீரில் விழுந்துவிட்டால், காய்ந்ததா என்று பார்ப்பதற்காகக் கூடப் போட்டுப் பார்க்கக் கூடாது. பலரும் சொல்வது போல் அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம். தூசியும் மாவும்தான் உள்ளே போகும். லென்ஸின் முகப்பில் மாட்டும் 'ஹுட்' வெயிலுக்கு மட்டும் இல்லை. விழும்போது முதல் அடியைத் தாங்குவதும் அதுதான். நானோ அதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்! வாரைக் கழற்றத்தான் வேண்டுமென்றால், காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பிறகு காபி குடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரவல் பொருள் விழுந்துவிட்டால், வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வெளியில் தெரியாததுதான் பெரிய சேதமாக இருக்கும். நாம் தயங்கும் நேரம், பொருளுக்குச் சொந்தக்காரர் வேறு வழி தேட வேண்டிய நேரம்.

அக்கா மகன் இப்போதும் காமிரா இரவல் தருகிறான். ஆனால் வாரை அவன் கையாலேயே என் கழுத்தில் மாட்டிவிட்டு, "காபி குடிச்சுட்டுக் கிளம்புங்க சித்தி" என்று சொல்லித்தான் அனுப்புகிறான்!