அடுப்பு பிரிந்தால் குடும்பம் பிரியுமா? சீனாவில் மாறிவரும் சாப்பாட்டு மேசை

சீனாவில் தெரிந்தவர் எதிரே வந்தால் "சாப்டாச்சா?" என்று கேட்பது பழைய பழக்கம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு போன் போட்டாலும் அம்மாவின் முதல் கேள்வி இதுதான். பாசத்தை வாய்விட்டுச் சொல்வது அங்கே பல குடும்பங்களில் வழக்கமில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சாப்பாடுதான் சொல்லும்.

ஆனா, அந்தச் சாப்பாட்டை யார் சமைக்கிறார்கள், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது கடந்த நாற்பது ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. என்ன நடந்தது?

குடும்பம் என்றால் அடுப்பு

பழைய சீன கிராமங்களில் ஒரே முற்றத்தைச் சுற்றி அண்ணன் தம்பிகள் வாழ்வார்கள். அவர்கள் ஒரே குடும்பமா, தனித்தனிக் குடும்பமா என்று எப்படித் தெரியும்? அடுப்பைப் பார்த்தால் போதும். சொத்தைப் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போவதை 'ஃபென்ஜியா' என்பார்கள். அதற்கு அடையாளம் தனி அடுப்பு. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், அடுப்பு இரண்டானால் குடும்பமும் இரண்டு.

அடுப்புக்கு ஒரு தெய்வமும் உண்டு. வீட்டில் நடப்பதை எல்லாம் ஆண்டு முடிவில் மேலுலகம் போய்ச் சொல்லிவிடுவார் என்பது நம்பிக்கை. அதனால், நல்லதை மட்டும் சொல்லட்டும் என்று கிளம்பும்முன் அவர் படத்தின் வாயில் இனிப்பைத் தடவி அனுப்புவார்கள்.

மேசையிலும் ஒழுங்கு உண்டு. சோற்றுக்குத் தனித்தனிக் கிண்ணம், கறி வகைகள் எல்லாம் நடுவில், எல்லோருக்கும் பொது. பெரியவர் சாப்ஸ்டிக்கை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்க வேண்டும். நல்ல துண்டாகப் பார்த்துப் பேரப்பிள்ளையின் கிண்ணத்தில் வைப்பது பாட்டியின் உரிமை.

அரசே அடுப்பை அணைத்த காலம்

முதல் பெரிய அடி 1958-ல் விழுந்தது. மாவோவின் 'மாபெரும் பாய்ச்சல்' திட்டத்தில் கிராமங்கள் கம்யூன்களாக மாற்றப்பட்டன. எல்லோருக்கும் பொதுச் சமையல்கூடத்தில் சாப்பாடு. பல கிராமங்களில் வீட்டில் சமைக்கத் தடை. இரும்புச் சட்டிகள்கூட உருக்காலைக்குப் போயின. அடுத்து வந்த 1959-61 பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். பொதுச் சமையல்கூடங்கள் கைவிடப்பட்டு, வீட்டு அடுப்புகள் மீண்டும் எரிந்தன. ஆனாலும் தானியம் வாங்க ரேஷன் கூப்பன் வேண்டும் என்ற நிலை 1993 வரை நீடித்தது.

இன்றைக்கும் பல வீடுகளில் மிச்சச் சோற்றைப் பற்றி நடக்கும் சண்டையின் வேர் இதுதான். நேற்றைய குழம்பைச் சூடுபண்ணிச் சாப்பிடும் தாத்தாவுக்கு அது பசியின் நினைவு. "உடம்புக்கு ஆகாது, கொட்டுங்க" என்று சொல்லும் பேத்திக்கு அது ஆரோக்கியப் பிரச்சினை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஒரே பிள்ளை, ஆறு பெரியவர்கள்

அடுத்த மாற்றம் ஒரு குழந்தைக் கொள்கை. சுமார் 1980 முதல் 2015 வரை அது நடைமுறையில் இருந்தது. தாத்தா பாட்டி நால்வர், அப்பா அம்மா இருவர், நடுவில் ஒரே குழந்தை. மேசையில் யாருக்கு முதல் மரியாதை என்பது இங்கே மாறிப்போனது. பெரியவருக்குப் போன நல்ல துண்டு குழந்தைக்கு வந்தது. 1987-ல் பெய்ஜிங்கில் முதல் கேஎஃப்சி திறந்தது. அதன் பிறகு, எங்கே சாப்பிடலாம் என்று குழந்தை சொல்ல, பெற்றோர் பின்னால் போகும் காட்சி நகரங்களில் சகஜமானது.

அந்தக் குழந்தைகள்தான் இன்றைய இளம் பெற்றோர். இவர்களுடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள கிராமத்திலிருந்து பாட்டி நகரத்து ஃபிளாட்டுக்கு வருகிறார். சமையலறை பாட்டி கையில். வீடோ மகன் மருமகள் பெயரில். உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, குழந்தைக்கு ஊட்டிவிடலாமா, தானே சாப்பிடட்டுமா... எல்லாமே பேச்சுவார்த்தைதான். மிளகாய் இல்லாமல் இறங்காத சிச்சுவான் மாமியாரும், நீராவியில் வேகவைத்த மீனைச் சாப்பிட்டு வளர்ந்த குவாங்டாங் மருமகளும் ஒரே சமையலறையில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தனியாகச் சாப்பிடும் கோடிகள்

1982-ல் ஒரு சீனக் குடும்பத்தில் சராசரியாக 4.41 பேர் இருந்தார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 2.62. அதே கணக்கெடுப்பின்படி, 12.5 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பது ஒரே ஒருவர்தான். அதாவது, நான்கு வீட்டில் ஒன்று. சொந்த ஊரை விட்டு வேறிடத்தில் வாழ்பவர்கள் சுமார் 37.6 கோடிப் பேர்.

வேலை முடிந்து இரவு வீடு திரும்பும் இளைஞருக்கு ஒரு ஆளுக்காக அடுப்பு பற்றவைக்கத் தோன்றுமா? அந்த இடத்தைப் பிடித்தவைதான் எலெமா, மெய்துவான் போன்ற டெலிவரி செயலிகள். இன்று 50 கோடிக்கும் அதிகமான சீனர்கள் ஆன்லைனில் சாப்பாடு ஆர்டர் செய்கிறார்கள். நடுவில் வைத்துப் பகிர்ந்த கறி இப்போ ஒரு ஆளுக்கான பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது.

புத்தாண்டு இரவு யார் வீட்டில்?

இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் வந்து மோதும் இடம், சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்தான 'நியான்யேஃபான்'. எங்கே இருந்தாலும் அன்றைக்கு வீடு திரும்ப வேண்டும். முழு மீன் கட்டாயம்; மீனுக்கான 'யூ' என்ற சொல்லும் 'மிச்சம், வளம்' என்ற பொருள் தரும் சொல்லும் ஒரே ஒலி. வடக்கே என்றால் குடும்பமே உட்கார்ந்து 'ஜியாவ்ஸி' கொழுக்கட்டை பிடிக்கும்.

வழக்கப்படி அந்த இரவு கணவன் வீட்டில். மனைவி தன் தாய்வீட்டுக்குப் போவது புத்தாண்டின் இரண்டாம் நாள். அண்ணன் தம்பி இருந்த காலத்தில் இது பெரிய சிக்கல் இல்லை. இப்போ கணவன், மனைவி இருவருமே வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஒரு வீட்டுக்குப் போனால், இன்னொரு வீட்டில் வயதான இருவர் மட்டும் மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்கு ஆளுக்கொரு தீர்வு வைத்திருக்கிறார்கள். சிலர் ஆண்டுக்கு ஒரு வீடு என்று முறை வைக்கிறார்கள். சிலர் இரு தரப்புப் பெற்றோரையும் நகரத்துக்கே வரவழைத்து ஹோட்டலில் மேசை பதிவு செய்கிறார்கள். கணவன் ஒரு ஊருக்கு, மனைவி ஒரு ஊருக்கு என்று தனித்தனியாகக் கிளம்புபவர்களும் உண்டு.

விடுமுறை முடிந்து திரும்பும்போது கார் டிக்கியைத் திறந்து பார்த்தால் ஊரே இருக்கும்: உப்புக்கண்டம், முட்டை, ஊறுகாய், தோட்டத்துக் கீரை. "இதெல்லாம் அங்கயே கிடைக்கும்மா" என்று சொன்னாலும் அம்மா கேட்பதில்லை.

முதியவர்களுக்கு யார் சமைப்பது?

உண்மையான சவால் இனிமேல்தான். 2020 கணக்கெடுப்பின்படி 60 வயதைத் தாண்டியவர்கள் 26.4 கோடிப் பேர். பிள்ளைகள் தூரத்தில் இருக்கும் வீடுகளில் ஒரு நாள் சமைத்ததை இரண்டு மூன்று நாள் வைத்துச் சாப்பிடும் பெரியவர்கள் ஏராளம்.

பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்ற சட்டம் சீனாவில் 2013-லேயே நடைமுறைக்கு வந்தது. ஆனால், போய்ப் பார்ப்பது வேறு; தினமும் மூன்று வேளை சோறு போடுவது வேறு. அதனால் ஷாங்காய் போன்ற நகரங்களில் முதியவர்களுக்குச் சலுகை விலையில் சாப்பாடு தரும் குடியிருப்புப் பகுதி கேன்டீன்கள் வளர்ந்தன. 2023 அக்டோபரில் இதை நாடு முழுக்க விரிவாக்க மத்திய அரசு செயல்திட்டம் வெளியிட்டது.

1958-ன் பொதுச் சமையல்கூடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் பெரிது. அது கட்டாயம்; இது விருப்பம். சூடான சாப்பாடும், எதிரே பேச ஒரு ஆளும் கிடைப்பதே பலருக்குப் பெரிய விஷயம்.

அடுப்பைப் பார்த்துக் குடும்பத்தை எண்ணிய பழைய கணக்கு இப்போ செல்லாது. மகன் ஒரு நகரத்தில், மகள் இன்னொரு நகரத்தில், பெற்றோர் கிராமத்தில் என்று மூன்று அடுப்பு எரிந்தாலும் அவர்கள் ஒரே குடும்பம்தான். ஆனால், அந்த மூன்றாவது அடுப்பைப் பற்றவைக்க முடியாத வயது வரும்போது என்ன செய்வது? ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த தலைமுறை இன்று ஒவ்வொரு வீட்டிலும் பதில் தேடிக்கொண்டிருக்கும் கேள்வி அதுதான்.