தூங்கும் பம்பரமும் பறக்கும் பந்தும்

சாட்டையைச் சுண்டி விட்ட பம்பரம் ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நின்று சுற்றும்போது, “பம்பரம் தூங்குது” என்று சொல்வோம் இல்லையா? அது தூங்குவதுபோலத் தெரியும் அந்த நேரத்தில்தான் மிக வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றல் நின்றுவிட்டால் அந்த ஒற்றை ஆணியின்மேல் ஒரு நொடிகூட அதனால் நிற்க முடியாது.

இந்தத் தூக்கத்தைக் காற்றில் பறக்கும் பந்துக்கு வரவழைத்தார்கள் ஒரு கல்லூரியின் மாணவர்கள். நடந்தது அமெரிக்காவில், 1906-ஆம் ஆண்டில்.

முதலில் அந்த ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். நாம் கால்பந்து என்று சொல்வதை அமெரிக்கர்கள் சாக்கர் என்பார்கள். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது வேறு ஆட்டம். பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு பக்கமும் முனை வைத்து நீண்டிருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைவரை ஓட வேண்டும். எதிரணியினர் பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளுவார்கள். தொடக்க காலத்தில் பந்தை முன்னால் நிற்கும் தோழனுக்கு எறிய அனுமதி கிடையாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறியலாம். ஆகவே முன்னேற ஒரே வழி, எல்லோரும் சேர்ந்து ஒரே கூட்டமாக முட்டி மோதுவது.

1892-இல் யேல் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் ஹார்வர்டு அணி ‘பறக்கும் ஆப்பு’ என்றொரு தந்திரத்தைக் களத்தில் இறக்கியது. அதை யோசித்துக் கொடுத்தவர் லோரின் டெலண்ட். அவர் ஃபுட்பால் ஆடியவரே அல்ல, சதுரங்கத்தில் ஊறியவர். வீரர்கள் தொலைவிலிருந்தே ஓடி வந்து, ஆப்பின் வடிவத்தில் ஒன்றுசேர்ந்து, எதிரே நிற்கும் ஒருவன்மீது மொத்தமாக மோதுவார்கள். அதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நிறையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். 75 கிலோ எடையுள்ள 10 பேர் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்தால் உந்தம் 4,500. 900 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் கார் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் உந்தம் அதே 4,500தான். தலைக்கவசம்கூடக் கட்டாயம் இல்லாத காலம் அது. அந்த ‘கார்’ வந்து மோதும் இடத்தில் நின்ற மாணவனை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பறக்கும் ஆப்பை 1894-இல் தடை செய்தார்கள். ஆனாலும் கூட்டமாக மோதுவது நிற்கவில்லை. 1905-ஆம் ஆண்டில் மட்டும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலுமாகக் குறைந்தது 18 பேர் இந்த ஆட்டத்தில் உயிரிழந்தார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே வரவழைத்துப் பேசினார். கொலம்பியா பல்கலைக்கழகம் இந்த ஆட்டமே வேண்டாம் என்று கைவிட்டது. கடைசியில் 1906-இல் விதிகள் மாறின. அவற்றில் ஒன்று: பந்தை இனிமேல் முன்னோக்கி எறியலாம். பந்து தூரத்துக்குப் பறந்தால் ஆட்கள் மைதானம் முழுக்கப் பரவி நிற்க வேண்டியிருக்கும். ஒரே இடத்தில் குவிந்து மோத மாட்டார்கள் என்பது கணக்கு.

ஆனால் எறிவதில் ஓர் ஆபத்தையும் வைத்தார்கள். எறிந்த பந்து யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தால், பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் பெரிய பெரிய அணிகள்கூட எறியத் தயங்கின.

தயங்காத ஓர் அணி இருந்தது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் லூயி நகரத்தின் செயின்ட் லூயி பல்கலைக்கழக அணி. அதன் பயிற்சியாளர் எடி காக்கம்ஸ். விதி மாறியதுமே, அந்தக் கோடையில் தன் வீரர்களை விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள பியூலா ஏரிக்கு அழைத்துப்போனார். பந்தை எறிவது எப்படி என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே அவர்களுக்கு முக்கிய வேலை.

அன்றைய பந்து இன்றைய பந்தைவிடப் பருமனானது. பார்த்தால் சின்னத் தர்பூசணிபோல இருக்கும். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பதுபோல அதைக் கைக்குள் அடக்க முடியாது. பலரும் உள்ளங்கையில் ஏந்தி அப்படியே தள்ளிவிட்டார்கள். அப்படி எறிந்தால் அது காற்றில் குட்டிக்கரணம் போடும். எங்கே போய் விழும் என்று எறிந்தவனுக்கே தெரியாது.

பந்தின் தோலை மூட, காலணிக்குக் கட்டுவதுபோல ஒரு கயிற்றுத் தையல் இருக்கும். உள்ளே இருக்கும் காற்றுப் பையை மூடி வைப்பதற்காக வந்த தையல் அது. வழவழப்பான தோலில் விரலுக்குப் பிடிமானம் தரும் ஒரே இடமும் அதுதான். விரல்களை அந்தத் தையலின்மேல் பதித்து, தோளுக்கு மேலே கையை உயர்த்தி, பந்து கையை விட்டுப் போகும் கடைசிக் கணத்தில் விரல்களால் திருகிவிட வேண்டும். அப்போது பந்து தன் நீள அச்சில் சுழன்றுகொண்டே போகும். இந்த வித்தையில் அணியின் கைதேர்ந்தவர் பிராட்பரி ராபின்சன்.

சுழன்றால் அப்படி என்ன ஆகிவிடும்? இங்கேதான் பம்பரம் வருகிறது.

சுழலும் பொருளுக்குக் கோண உந்தம் என்ற ஒன்று உண்டு. அது இருக்கும்வரை அந்தப் பொருளின் அச்சு தன் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. பம்பரத்தின் அச்சு மேலே பார்த்தபடி நிற்கிறது. எறிந்த பந்தின் அச்சு, போகும் பக்கம் பார்த்தபடி நிற்கிறது. காற்று அதன் மூக்கைப் பிடித்துத் திருப்பப் பார்த்தாலும் பந்து கவிழ்ந்துவிடாது. மூக்கு இலேசாக ஒரு வட்டம் போடும், அவ்வளவுதான். பம்பரம் வேகம் குறையும்போது தலையை ஆட்டுமே, அந்த ஆட்டத்தின் தம்பிதான் இது. துப்பாக்கிக் குழாயின் உள்ளே திருகுபோல வரிகள் வெட்டுவதும் இதற்காகத்தான்: குண்டு சுழன்று வெளியேறினால் குறி தப்பாது. அம்புக்கு வாலில் இறகு இருப்பதால் காற்றே அதை நேராகப் பிடித்துக்கொள்கிறது. பந்துக்கு வால் இல்லை. சுழற்சி ஒன்றுதான் அதற்குத் துணை.

மூக்கு முன்னால் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இன்றைய பந்தின் நீளம் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர், நடுப்பகுதியின் அகலம் 17 சென்டிமீட்டர். மூக்கை முன்வைத்துப் போகும்போது அது காற்றுக்குக் காட்டும் முகம் 17 சென்டிமீட்டர் வட்டம். பரப்பளவு சுமார் 227 சதுர சென்டிமீட்டர். குறுக்காகத் திரும்பிப் போனால் அந்த முகம் சுமார் 374 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். அதோடு, குறுக்காகப் போகும் பந்தின் பின்னால் காற்று தாறுமாறாகச் சுழித்து அதை இழுத்துப் பிடிக்கும். கூர்மையான முனை முன்னே போனால் காற்று பிளந்து வழுக்கி, பின்னால் மீண்டும் கூடிவிடும். படகின் முன்பக்கத்தைக் கூராகச் செய்வது ஏன் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

ஏரிக்கரையிலிருந்து இறங்கிய அணி 1906 செப்டம்பர் 5 அன்று, விஸ்கான்சினின் வாகிஷா ஊரில் கேரல் கல்லூரி அணியை எதிர்த்து ஆடியது. ராபின்சன் எறிந்தார். பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தது. விதிப்படி பந்து எதிரணிக்குப் போய்விட்டது. சட்டப்படி முன்னோக்கி எறியப்பட்ட முதல் பந்து என்று வரலாறு குறித்து வைத்திருப்பது இந்தத் தோல்வியைத்தான்! காக்கம்ஸ் பயந்து அதோடு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. அதே ஆட்டத்தில் ராபின்சன் மறுபடி எறிந்தார். பந்து 20 கெஜம் பறந்து தோழர் ஜாக் ஷ்னைடர் கையில் போய் விழுந்தது, டச்டவுன் ஆனது; அதாவது பந்து எதிரணியின் எல்லையை எட்டிப் புள்ளிகள் கிடைத்தன. 20 கெஜம் என்றால் ஏறக்குறைய 18 மீட்டர். முட்டி மோதி ஓரடி ஈரடியாக முன்னேறிய ஆட்டத்தில் ஒரே எறியில் 18 மீட்டர்! செயின்ட் லூயி 22–0 என்று வென்றது.

அதன் பிறகு அந்தப் பருவம் முழுக்க அவர்களுக்கு இறங்குமுகமே இல்லை. கான்சஸ் அணியை 34–2 என்று வென்றார்கள். நவம்பர் 29-ஆம் தேதி அயோவா அணியை 39–0 என்று சாய்த்தார்கள். அன்று எறிந்த பத்துப் பந்துகளில் எட்டு தோழர்களின் கையில் சரியாகப் போய்ச் சேர்ந்தன. ஆடிய 11 ஆட்டங்களிலும் வெற்றி. எடுத்த புள்ளிகள் 407, கொடுத்தவை வெறும் 11. ஆட்டத்துக்கு 37 எடுத்து 1 கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்து மற்றவர்கள் உடனே கற்றுக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் நடக்கவில்லை. அன்று பேர்போன அணிகளும் பெரிய செய்தித்தாள்களும் நாட்டின் கிழக்குக் கரையில் இருந்தன. செயின்ட் லூயி தொலைவில் இருந்தது. 1913-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி, அதன் வீரர்கள் டோரைஸ் எறிய ராக்னி பிடிக்க, ராணுவக் கல்லூரி அணியை 35–13 என்று வென்றபோதுதான் நாடே திரும்பிப் பார்த்தது. முன்னோக்கி எறிவதைக் கண்டுபிடித்தவர்களே இவர்கள்தான் என்று பலர் நம்பினார்கள். ஆனால் அந்த ராக்னியே பின்னாளில், தங்களுக்கு முன்பே இதைச் செய்து காட்டியவர் காக்கம்ஸ் என்று எழுதினார். பிறர் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளாத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

எறிவது பழகப் பழகப் பந்தும் மாறியது. 1912-இல் கொஞ்சம் ஒல்லியானது, 1934-இல் இன்னும் ஒல்லியானது. இன்றைய பந்து கைக்குள் நன்றாக அடங்குகிறது. தேர்ந்த வீரர் எறிந்தால் நொடிக்குச் சுமார் 10 முறை சுழலும். இரண்டு நொடி பறந்தால் இருபது சுற்று.

உங்களில் கூர்மையானவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். அச்சு திசையை மாற்றாது என்றால், மேலே பார்த்து எறிந்த பந்து இறங்கும்போதும் மேலே பார்த்தபடிதானே இறங்க வேண்டும்? ஆனால் ஏறும்போது மேலே பார்க்கும் மூக்கு, இறங்கும்போது கீழே பார்க்கிறதே! நல்ல கேள்வி. இதே கேள்விக்காக ரிச்சர்ட் பிரைஸ், வில்லியம் மோஸ், டிமதி கே என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2020-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். காற்று மூக்கைத் தள்ளும்போது அது வட்டம் போடுகிறது என்றேனே, அந்த வட்டத்தின் நடுப்புள்ளி பந்து போகும் திசையை ஒட்டியே இருக்கிறது. பாதை கீழே வளைய வளைய வட்டமும் கூடவே வளைகிறது, மூக்கும் பாதையைப் பின்தொடர்கிறது. ஆக, பந்தின் மூக்கைக் கீழே திருப்புவது காற்றுதான். காற்றே இல்லாத நிலாவில் எறிந்தால் மூக்கு மேலே பார்த்தபடியே பந்து தரையில் விழும்.

இதை நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். பழைய செய்தித்தாள்களை, நடுவில் பருத்தும் இரு முனைகளில் ஒடுங்கியும் இருக்கும்படி உருட்டுங்கள். நூலால் இறுகக் கட்டி, நூல் வரிசைமேல் விரல்களைப் பதியுங்கள். திறந்த வெளியில் ஒரு தோழரை எதிரே நிறுத்தி, முதலில் சுழற்றாமல் பத்து முறையும், பிறகு திருகிவிட்டுப் பத்து முறையும் எறியுங்கள். எத்தனை முறை அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். முதல் எறி தவறிப் போனால் அதையும் விடாமல் எழுதுங்கள்.