லான்ஸ்லாட்டின் ஒரு கண்

சாயங்காலம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் உங்கள் வீட்டு நாய் படியில் தடுமாறுகிறதா? விழித்திரைக் கோளாறாக இருக்கலாம். சில நாய்களுக்கு அது பரம்பரையாகவே வரும்.

லான்ஸ்லாட் பிறவியிலேயே பார்வை இழந்த நாய். முகமெல்லாம் முடி தொங்கும் பிரியார்ட் இனம். ஒரே ஒரு மரபணுப் பழுதுதான் காரணம். அமெரிக்க ஆய்வாளர்கள் பழுதில்லாத மரபணுவைத் தீங்கற்ற வைரஸில் ஏற்றி, ஒரு கண்ணுக்குள் மட்டும் செலுத்தினார்கள். பார்வை வந்தது! எதிரில் இருந்தவற்றைத் தவிர்த்து நடந்த நாய், சிகிச்சை பெறாத கண் பக்கம் மட்டும் முட்டிக்கொண்டது. இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்ன?

இந்த ஆய்வு 2001-இல் வெளியானது. இதே மரபணுப் பழுதோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கான மரபணு மருந்துக்கு 2017-இல் அமெரிக்கா அனுமதி தந்தது.